புதுப்பிப்பு: ரயில் விளையாட்டில் "இடமில்லை" என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை

மூன்று கிழமைக்கு முன் கேட்டிருந்தேன்: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்ட முன்பள்ளியில் கதிரைகளை அடுக்கி ரயில் விளையாடும்போது, புதிதாக வந்த நான்கு வயதுப் பிள்ளையை மட்டும் "இடமில்லை" என்று தள்ளிவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் சிகாகோ ஆசிரியை விவியன் பேலியின் விதியைச் சொல்லிப் பார்த்தேன்: "விளையாட வராதே" என்று யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. சேர்த்துக்கொண்டார்கள், சரி. கடைசிக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு யாரும் பேசவில்லை.

பலித்தது பதில்களில் வந்த மற்ற யோசனைதான்: "இந்த ரயிலுக்கு இன்னும் யார் வேண்டும்?" என்று கேட்பது. கொடி காட்டுபவர், டிக்கெட் பார்ப்பவர், வடை விற்பவர் என்று அடுக்கினார்கள். வடைக்காரி வேலையை அந்தப் புதுப் பிள்ளைக்குக் கொடுத்தேன், தலையாட்டி மறுத்துவிட்டாள். அப்புறம் அவளே ஒரு பழைய துணியின் முனையை யன்னலில் செருகி, மறுமுனையைத் தூக்கிப் பிடித்தாள். எங்கள் பக்கத்து ரயில் பாதையில் வரும் சிங்கமலைச் சுரங்கமாம்! அதற்குள் நுழைய வேண்டுமே, எல்லோரும் கதிரையை விட்டு எழும்பி, சட்டையைப் பிடித்துக்கொண்டு "ஊ..." என்று கத்தியபடி ஓடினார்கள். கதிரை போனதும் "இடமில்லை"யும் போய்விட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது சுரங்கமாக நிற்கத்தான் சண்டை. முறை வைத்திருக்கிறேன்.