மணிக்கட்டில் தொடங்கிய வலி தோளுக்கு ஏறி மறு கைக்கும் வந்துவிட்டது. உடம்பெல்லாம் பரவுமா?

பணியாரக்கல் (கோட்டையூர்):

வணக்கம். எங்கள் ஆத்தாவுக்கு வயது 58. தை மாதக் கடைசியில், தரை துடைத்த ஈரம் காய்வதற்குள் இரண்டாம் கட்டுக்குப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார். ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்று கட்டைப் பிரித்தார்கள்.

தொல்லை அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. புறங்கை வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. ஒரு நாள் சிவந்து சுடுகிறது, மறுநாள் நீலம் பாரித்துச் சில்லென்று இருக்கிறது. அந்தக் கையில் மட்டும் வியர்த்து ஊற்றுகிறது. சேலைத் தலைப்பு பட்டாலே, வரமிளகாய் அரைத்த கை போலக் காந்துகிறது என்கிறார். கல்யாண வீடுகளுக்கு முறுக்கும் மனகோலமும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த கை அது. இப்போது டம்ளரைக்கூடப் பிடிப்பதில்லை.

போன மாதம் ஒரு மருத்துவர் இதை சி.ஆர்.பி.எஸ். (Complex Regional Pain Syndrome, அடிபட்ட கைகாலில் அடிக்குப் பொருந்தாமல் நீடிக்கும் வலி நோய்) என்றார். "இது பரவக்கூடியது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார். எதைப் பார்த்துக்கொள்வது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை, அது என் தப்பு. இப்போது முழங்கை, தோள் எல்லாம் வலி. பத்து நாளாக இடது கையும் வலிக்கிறது. சின்னாத்தா வந்து பார்த்துவிட்டு, விஷம் ஏறுவது போல ஏறுகிறது, மேலே ஒரு கயிற்றைக் கட்டு என்கிறார். ஆத்தாவோ, அடுத்து காலுக்கு இறங்கிவிடும், படுத்த படுக்கைதான் என்று முடிவே கட்டிவிட்டார். கையைத் துண்டில் சுற்றித் தூளி போலத் தொங்கவிட்டிருக்கிறோம். இது எந்த வழியாகப் பரவுகிறது? நிறுத்த முடியுமா?

செக்காலைக்காரன்:

வீக்கத்துக்கு ஐஸ் கட்டி வையுங்க ஆச்சி. எங்க வீட்டில் எல்லா அடிக்கும் அதுதான்.

தேவகோட்டை ரஸ்தா:

ஐஸ் வேண்டவே வேண்டாம். இந்த நோயில் அந்தக் குளிரையே நரம்பு வலியாக எடுத்துக்கொள்ளும், ரத்த ஓட்டமும் இன்னும் கெடும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

எனக்கு 2021இல் வலது கணுக்கால் பிசகியது. முறிவுகூட இல்லை, வெறும் சுளுக்கு. அதற்கு இந்த நோய். ஏழாவது மாதம் இடது பாதத்திலும் அதே இடத்தில் எரிச்சல் தொடங்கியது. அன்று ராத்திரி நான் அழுத அழுகையை வீட்டில் இன்னமும் சொல்லிக் காட்டுவார்கள். இணையத்தில் தேடினால் சக்கர நாற்காலிப் படங்களாகவே வந்தன. இன்றைக்கு இடது பாதம் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. வலதில் மழைக்காலத்தில் கொஞ்சம் இருக்கும். கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவுக்கு நடந்தே போய்வந்தேன். மறு பக்கம் வந்தாலே எல்லாம் முடிந்தது என்று ஆத்தாவை நினைக்க விடாதீர்கள்.

கயிறு கட்டுவது பற்றி மரியாதையாகச் சொல்கிறேன்: சின்னாத்தாவுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மூட்டும் நடையும் (இயன்முறை சிகிச்சையாளர், காரைக்குடி):

தங்கச்சி, 'பரவுகிறது' என்ற சொல்தான் இங்கே முதல் குழப்பம். புண்ணில் சீழ் பரவுவதும் புற்று பரவுவதும் வேறு. இதில் ரத்தம் வழியாக ஒரு பொருளும் போவதில்லை. ஒட்டுவாரொட்டியும் இல்லை. அதனால் கயிறு கட்டித் தடுக்க ஒன்றுமே இல்லை. கட்டினால் வீக்கம்தான் கூடும்.

நடப்பது இதுதான். அடிபட்ட இடத்தில் நரம்பு முனைகள் சில வேதிப்பொருள்களைக் கசியவிடுகின்றன. வீக்கம், சூடு, சிவப்பு எல்லாம் அதனால் வருவது. சாதாரணமாக எலும்பு கூடும்போது இது அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை. வலிச் செய்தி ஓயாமல் போய்ப் போய், தண்டுவடத்தில் அதை வாங்கும் நரம்பணுக்களே கூர்மையாகிவிடுகின்றன. அப்புறம் துணி பட்டாலும் நெருப்புச் செய்திதான் மேலே போகும். தண்டுவடத்தில் மணிக்கட்டுக்கு ஓர் அறை, முழங்கைக்கு ஓர் அறை என்று சுவர் எழுப்பி வைக்கவில்லை. எல்லாம் பக்கத்துப் பக்கத்து அடுக்கு. இடது வலதுக்கு நடுவிலும் குறுக்கே நரம்பிழைகள் உண்டு. அதனால்தான் ஒரு பக்கத்துக் கூர்மை மேல் அடுக்குக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் எட்டக்கூடும். மூளையிலும் அந்தக் கைக்கான வரைபடம் குலைகிறது. சிலருக்குக் கண்ணை மூடினால் கை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றே சரியாகச் சொல்ல வராது. இதில் எது எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தத் திசையில் போகும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பரவல் ஏற்பட்ட 27 பேரை எடுத்துக்கொண்டார்கள். 27 பேருக்குமே முதல் இடத்திலிருந்து ஒட்டினாற்போல் மேலே விரிந்திருந்தது. 19 பேருக்கு எட்டத்தில் வேறோர் இடத்திலும் தோன்றியது. 4 பேருக்குக் கண்ணாடியில் பார்ப்பது போல எதிர்க்கையில் அல்லது எதிர்க்காலில் அதே இடத்தில். 2011இல் நெதர்லாந்துக்காரர்கள் 185 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். 89 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கைகால்களில் இருந்தது. பரவியபோது ஏறக்குறையப் பாதி எதிர்ப்பக்கத்துக்கும், 30 சதவீதம் அதே பக்கத்துக்கும், 14 சதவீதம் மூலைக்கு மூலையாகவும் (வலது கை என்றால் இடது கால்) போயிருந்தது. மூலைக்கு மூலை போனதில் புது அடி பட்டிருந்த கதை அதிகம்.

89 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நோய் நீடித்தவர்கள் கூடும் இடத்தில் எண்ணினால் அப்படித்தான் வரும். கை முறிந்து இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது வேறு கைகால்களுக்குப் போவதில்லை. முதல் ஓராண்டுக்குள் நன்றாகவே தணிந்தும் விடுகிறது.

இப்போது நான் கேட்கிறேன். ஆத்தாவால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா? வேறு ஒருவர் மெல்லத் தூக்கிவிட்டால் போகிறதா? இடது கையில் நிறம், சூடு, வியர்வை, வீக்கம் ஏதாவது மாறியிருக்கிறதா, அல்லது வலி மட்டும்தானா?

பணியாரக்கல்:

அண்ணே, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இன்று காலை பார்த்தேன். வலது கை தோள் மட்டத்துக்கே வரவில்லை, நான் தூக்கினாலும் ஓரிடத்தில் பூட்டுப் போட்டது போல நிற்கிறது. இடது கையில் நிறம் மாறவில்லை, வீக்கம் இல்லை, தொட்டால் எரியவும் இல்லை. கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி. சேலை கட்டுவது, தண்ணீர் மொள்வது, காய் அரிவது எல்லாம் ஐந்து மாதமாக இடது கைதான். சொன்னால் கேட்பதில்லை, போன வாரம் ஒற்றைக் கையால் இட்லிக்கு ஆட்டியிருக்கிறார்.

மூட்டும் நடையும்:

நினைத்தேன். அப்படியானால் இதில் பாதிக்கு மேல் பரவலே இல்லாமல் இருக்கலாம்.

தோள் பூட்டிக்கொண்டது, மாதக்கணக்கில் தூளியில் தொங்கவிட்டதால். அசையாத தோள் இறுகும். இந்த நோய் இல்லாதவருக்கும் அப்படித்தான். அதற்குத் தனி வைத்தியம் உண்டு. இடது கை வலி, இரண்டு கை வேலையை ஒரு கை பார்ப்பதால் வந்த தசைநாண் வலி போலத் தெரிகிறது. நான் நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவரிடம் இந்த இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். 'பரவிவிட்டது' என்ற ஒரே பையில் எல்லா வலியையும் போட்டுவிட்டால், சரிசெய்யக்கூடியதும் அதற்குள் மறைந்துபோகும். நான் அதிகம் பார்ப்பதே இதைத்தான்.

இதை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை கிடையாது. புடாபெஸ்ட் அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தொடு உணர்ச்சி, நிறமும் சூடும், வியர்வையும் வீக்கமும், அசைவும் முடி நகத் தோல் மாற்றமும் என்று நான்கு வகை. அடிக்குப் பொருந்தாத ஓயாத வலியோடு, மூன்று வகையிலாவது நோயாளி தொல்லை சொல்ல வேண்டும், இரண்டு வகையிலாவது மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும், வேறு நோய் எதுவும் இதற்குக் காரணமாக இருக்கக்கூடாது. நீங்கள் சொன்னபடி வலது கைக்கு இது பொருந்துகிறது. இடது கைக்குப் பொருந்தவில்லை. வாரம் ஒரு முறை இரண்டு கைகளையும் அருகருகே வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி வலது கை. முதல் வேலை அந்தத் துண்டை அவிழ்ப்பது. கையை ஒளித்துவைத்தால் நரம்பு இன்னும் மிரளும். பட்டுத் துணி, பிறகு பருத்தி, பிறகு டர்க்கி டவல் என்று நாளுக்குச் சில தடவை, தாங்கும் அளவுக்கு ஒத்தி எடுங்கள். ஒரு கிண்ணத்தில் பச்சரிசியைப் போட்டு விரலை அளையவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டாம். மறுநாள் வலி ஏறியிருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். முரட்டுத்தனமாக இழுத்து நீட்டுகிற கைக்காரர்களிடம் போகவே வேண்டாம்.

அப்புறம் கண்ணாடி. நடுவே நிறுத்திய கண்ணாடியில் நல்ல கையின் பிம்பம் நோயுற்ற கை இருக்கும் இடத்தில் தெரியும்படி உட்கார்ந்து, நல்ல கையை மெதுவாக அசைக்க வேண்டும். வலிக்கும் கை வலிக்காமல் அசைவதாக மூளை பார்க்கிறது. கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தெரியும் மாய வலிக்கு 1990களில் இதைச் செய்து காட்டியவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன். 2003இல் இங்கிலாந்தில் எட்டே எட்டு சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளிடம் சோதித்தபோது, நோய் தொடங்கிய புதிதில் இருந்தவர்களுக்கு வலி குறைந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனவர்களுக்குப் பலிக்கவில்லை. ஆத்தாவின் இடது கை இப்போது சோர்ந்திருப்பதால் ஐந்து நிமிடம் போதும்.

மருந்து என் வேலை இல்லை. ஆனால் நரம்பு வலி மாத்திரைகள், ஆரம்ப நாளில் குறுகிய கால ஸ்டீராய்டு, எலும்புக்கான மருந்துகள், கழுத்தருகே நரம்பு முடிச்சில் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. வலி சிகிச்சை மருத்துவர்கள் பெரும்பாலும் மயக்க மருந்தியல் படித்தவர்கள். மதுரையிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள், தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு கை திடீரென்று வீங்கிச் சிவந்தால் மட்டும் இந்த நோயின் தலையில் போடாமல் அன்றே காட்டுங்கள். அது கிருமித்தொற்றாகவோ ரத்தக்கட்டாகவோ இருக்கலாம்.

பர்மா தேக்கு:

குறுக்கே வருகிறேன். எங்கள் சொந்தத்தில் ஒருவர், இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, இல்லாத வலி என்கிறாரே?

தேவகோட்டை ரஸ்தா:

மனசு வைத்தால் ஒரு பாதம் மட்டும் நீலமாகுமா? 1864லேயே அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் இந்த எரிச்சலை வெயர் மிட்செல் என்ற மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். தாங்க முடியாமல் கையை ஈரத் துணியிலேயே வைத்திருப்பார்களாம். தூக்கமில்லாமலும் பயத்திலும் வலி கூடும், அது உண்மை. அதற்காக வலி பொய் ஆகிவிடாது.

பணியாரக்கல் (நான்கு வாரம் கழித்து):

மதுரைக்குப் போய் வந்தோம். அண்ணன் சொன்னதையே அங்கேயும் சொன்னார்கள்: வலது கை மணிக்கட்டுக்குக் கீழே சி.ஆர்.பி.எஸ்., தோள் தனி இறுக்கம், இடது கை உழைப்பு வலி. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஊசி பிறகு பார்க்கலாம் என்றார்கள். காலுக்கு இறங்கவில்லை. அந்தப் பேச்சே இப்போது வீட்டில் இல்லை.

கண்ணாடி என்றதும் ஆத்தா பெட்டகசாலைச் சுவரில் இருக்கும் பெல்ஜியம் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். ஐயா காலத்துக் கண்ணாடி, நாலு ஆள் வேண்டும். கடையில் ஒன்றரை அடிக் கண்ணாடி வாங்கி அரிசி டின்னில் சாய்த்து வைத்தோம். முதல் இரண்டு நாள் தலை சுற்றுகிறது என்றார். இப்போது காலையும் மாலையும் அவரே உட்கார்ந்துவிடுகிறார். நிறம் இன்னும் மாறுகிறது, எரிச்சல் ராத்திரியில் இருக்கிறது. ஆனால் அரிசிக் கிண்ணத்தில் கை முழுவதும் இறங்குகிறது.

நேற்று மாவு பிசையட்டுமா என்று கேட்டார். பிசையலாமா அண்ணே?

மூட்டும் நடையும்:

ஓர் உழக்கு மாவு. இளக்கமாக, வெதுவெதுப்பான தண்ணீரில். முறுக்குக்கு அல்ல, பணியாரத்துக்கு.