தாக்க வீதம், சமநிலை: மலையகத்தில் படித்தவர்களே, இன்னும் மனதில் நிற்பது எது?

ஹட்டன்_மழை
கோபாற்றுக் குளோரைட்டு செய்முறையை (சூட்டில் நீலம், குளிரில் இளஞ்சிவப்பு என்று நிறம் மாறி மாறிப் போகும் கரைசல்) எல்லோரும் செய்திருப்பீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி மாதம், முதல் பாடவேளை. மிஸ் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, கரைசலை ஊதாவில் நிறுத்தியிருந்தார். சுடுநீரில் வைத்ததும் நல்ல நீலம். பனிக்கட்டி எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. வெளியே கொண்டுபோய்ப் பிடி என்று சொல்லிவிட்டார்.

வராந்தாவில் பனி இறங்கிக் கிடந்தது. கண்ணாடிச் சுவரை ஒட்டி முதலில் ஊதா படர்ந்தது. நடுவில் மட்டும் நீலம் விளக்குத் திரி மாதிரி கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அதுவும் போய், குழாய் முழுக்க இளஞ்சிவப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. மிஸ் பக்கத்தில் வந்து, "நிறம் மாறாம நிக்குதே, இப்ப உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார். "ஒண்ணும் நடக்கல மிஸ், தாக்கம் முடிஞ்சிருச்சு" என்றேன். அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் அவருக்கு இடமாற்றம்.

முன்தாக்கமும் பின்தாக்கமும் ஒரே வீதத்தில், அதாவது ஒரே வேகத்தில், ஓடிக்கொண்டே இருக்கின்றன, அதுதான் சமநிலை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சரியான விடையை அவரிடம் சொல்ல முடியவில்லையே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

தலவாக்கலை_ராத்திரி
என்னுடையது தேயிலை பேக்டரியில் நடந்தது. அப்பா உருட்டு ரூமில் வேலை. ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோனால், டீமேக்கர் உருட்டிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் அமுக்கி, மூக்கருகே வைத்து நிற்பதைப் பார்ப்பேன். உருட்டும்போது இலையின் கலங்கள் கிழிகின்றன. அதுவரை ஒன்றையொன்று தொடாமல் இருந்த கட்டெசின் என்ற துவர்ப்புப் பொருளும், தாக்கத்தை வேகப்படுத்தும் நொதியமும் காற்றோடு சேர்கின்றன. தேநீருக்கு நிறம் தரும் தியாஃபிளேவின் உண்டாகிறது, பச்சை செம்பு நிறத்துக்கு மாறுகிறது. குளிர் கூடினால் இதெல்லாம் மெதுவாகத்தான் போகும்.

அன்றைக்குக் கடுங்குளிர். புதிதாக வந்த சின்னத்துரை (தோட்டத்தின் உதவி மேலாளர்) கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிரையரில் போடச் சொன்னார். "இன்னும் பச்சை வாடை போகலைங்க துரை" என்றார் டீமேக்கர். துரை கேட்கவில்லை. டிரையர் சூட்டில் நொதியம் செத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. காலையில் ஊற்றிப் பார்த்தால் சாயமும் இல்லை, பச்சைக் கடுப்பு. பேச்சு வாங்கியது அப்பாவின் செட். தாக்க வீதம் என்று படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பிடி கொழுந்துதான் கண்ணில் வருகிறது.

நுவரெலியா_அக்கா
தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அது சமநிலை இல்லை. செம்பு நிறமான இலை மறுபடி பச்சையாகாது, அது ஒருவழிப் பாதை. வீதம் வேறு, சமநிலை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

எனக்கு நடந்தது சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலில். அமிலத்தை ஊற்றிவிட்டு, கந்தகம் உண்டாகிக் கலங்கி அடியில் உள்ள புள்ளடி (X குறி) மறையும் வரை நேரம் பார்ப்போமே, அதுதான். கொழும்பிலிருந்து வந்த வழிகாட்டிப் புத்தகத்தில் 40 செக்கன் என்று இருந்தது. எங்களுக்கு 2 நிமிடம் நெருங்கியும் புள்ளடி மங்கலாகத் தெரிந்தது. அமிலத்தில் தண்ணீர் கலந்துவிட்டீர்கள் என்று எல்லார் முன்னாலும் பேச்சு. புத்தகத்தில் உள்ள எண்களையே அறிக்கையில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

அன்று ஆய்வுகூடத்தில் 13 பாகை இருந்திருக்கும், கொழும்பில் 28. பல தாக்கங்கள் 10 பாகை ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் எடுக்கும். 15 பாகை வித்தியாசத்துக்கு இரண்டரை, மூன்று மடங்கு நேரம் எடுப்பதுதான் முறை. என் அளவீடு சரி! அம்மா தோசை மாவைக் கம்பளி சுற்றி அடுப்பங்கரையில் வைப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். அதை அங்கே எடுத்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பசறை_வாத்தியார்
2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்ட பிறகு, அம்மாவின் கொழுந்துச் சாக்கைத் தராசில் போட்டபோது முள் பாதியிலேயே நின்றது. அம்மா ஒன்றும் பேசாமல் சாக்கை மடித்தார். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் அந்த உரத்தில் உள்ள யூரியா எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

யூரியா செய்வது அமோனியாவிலிருந்து. நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியா ஆவது புறவெப்பத் (வெப்பத்தை வெளிவிடும்) தாக்கம், மீளும் (இரு திசையிலும் போகும்) தாக்கமும்கூட. பிரெஞ்சு இரசாயனவியலாளர் இலச்சாற்றலியர் 1884இல் சொன்ன தத்துவப்படி, குளிர்வித்தால் அதை ஈடுசெய்ய வெப்பம் தரும் அமோனியா பக்கம் சமநிலை சாயும். அப்படியானால் நம் நுவரெலியாக் குளிரே போதுமே என்று ஒரு பிள்ளை கேட்பான், கேட்க வேண்டும். சமநிலை நல்ல இடத்தில்தான் இருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேர ஆயுள் போதாது. நைதரசனின் மும்மைப் பிணைப்பு அவ்வளவு வலிது. அதனால்தான் இரும்பு ஊக்கி, சுமார் 450 பாகை, 200 வளிமண்டல அமுக்கம். விளைவில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குகிறார்கள். ஊக்கி சமநிலையை நகர்த்தாது, இரு பக்கமும் ஏவற்சக்தியை (தாக்கம் தொடங்கத் தேவையான சக்தியை) குறைத்துச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். சமநிலை மாறிலியை (சமநிலை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் எண்ணை) மாற்றுவது வெப்பநிலை மட்டும். வினாத்தாளில் "ஊக்கி சேர்த்தால் விளைவு கூடும்" என்று எழுதிப் புள்ளியைக் கோட்டைவிடாதீர்கள். அமுக்கம் கேட்டால் வாயு மூல்களை எண்ணுங்கள், அமுக்கம் கூடினால் எண்ணிக்கை குறைந்த பக்கம் சாயும்: இடப்பக்கம் 4, வலப்பக்கம் 2. அலகு எழுத மறக்காதீர்கள். மூடிய தொகுதி என்ற சொல்லை...

மஸ்கெலியா_பிள்ளை
சேர், இங்கே யாரும் பரீட்சைக்குப் போகவில்லை. அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

ஹட்டன் அண்ணா, நின்றுபோனது மாதிரித் தெரிவதற்குள் ஓட்டம் இருக்கிறது என்று வீட்டிலேயே காட்டலாம். தண்ணீரில் உப்பை இனிக் கரையாத அளவுக்குக் கரையுங்கள். மூலை உடைந்த கல்லுப்பு ஒன்றைப் போட்டு, நீர் ஆவியாகாமல் இறுக்கி மூடி வைத்துவிடுங்கள். கல்லின் எடை மாறாது, ஆனால் நாள்போக்கில் உடைந்த மூலை திருந்தும். ஓரிடத்தில் கரைகிறது, இன்னோரிடத்தில் படிகிறது. நம் ஊரில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வந்தாலும் கறியுப்பின் கரைதிறன் பெரிதாக அசையாது, அதனால் சீனியை விட உப்பு நல்லது. நான் செய்தபோது இரண்டாம் வாரம் தங்கச்சி போத்தலைத் திறந்துவிட்டாள். விளிம்பெல்லாம் புது உப்புப் பூத்துவிட்டது. எடை கணக்கு போச்சு.

ஹட்டன்_மழை
தங்கச்சி, இன்றைக்கே ஜாம் போத்தலில் போட்டுவிட்டேன். நகையளக்கும் சின்னத் தராசில் 2.31 கிராம். இடது பக்க மூலை உடைந்திருக்கிறது, படம் எடுத்து வைத்திருக்கிறேன். மிஸ் இப்போது பண்டாரவளைப் பக்கம் இருப்பதாக ஒரு தோழி சொன்னாள். மூலை திருந்தினால் அந்தப் படத்தையும் சேர்த்து அவருக்கு அனுப்புவேன்.