பெர்சிஸ்டென்ட் கால் ஆப்ஷன்: வாங்க ஆளில்லை, செவ்வாய் எக்ஸ்பைரி (காலாவதி)

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஸ்டாக் ஆப்ஷன் செய்பவர்கள் பார்க்கவும்.

நான் வாங்கி வைத்திருப்பது பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸ் ஷேரின் இந்த மாத கால் (குறித்த விலையில் ஷேரை வாங்கும் உரிமை), 1 லாட். ஸ்ட்ரைக்கைவிட (அந்தக் குறித்த விலை) ஸ்பாட் (ஷேரின் இப்போதைய விலை) 105 ரூபாய் மேலே. ஆனால் இந்தக் கால் ஆப்ஷனுக்கு பிட் (வாங்குபவர் தரும் விலை) 84, ஆஸ்க் (விற்பவர் கேட்கும் விலை) 112. மேல் ஸ்ட்ரைக்கில் விற்றிருந்த இன்னொரு கால் ஆப்ஷனை 4 ரூபாய்க்குத் திரும்ப வாங்கி மூடியாச்சு. மாட்டியிருப்பது வாங்கிய கால் மட்டும்.

98க்குக் குறையாமல் விற்க லிமிட் ஆர்டர் போட்டு 2 நாள், பிறகு 95. காலை 9:20, மதியம் 3:10 இரண்டு நேரமும் பார்த்தாச்சு, நகரவில்லை. மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு விற்பது) போட்டால் 84க்கோ அதற்கும் கீழேயோ போய் விழும்.

விற்காமல் விட்டால் எக்ஸ்பைரியில் ஷேரையே வாங்க வேண்டிவரும், அதற்காகப் புரோக்கர் முன்கூட்டிப் பிடிக்கும் டெலிவரி மார்ஜின் புதன் 10, வியாழன் 25, இன்று வெள்ளி 45 சதவீதம், திங்கள் 70. டெலிவரி எடுக்க 5 லட்சத்துக்கு மேல் வேண்டும். ஷேரை வாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்த ஊர்தான், இப்போது தலைவலியே டெலிவரிதான்!

அதே மாத ஃபியூச்சர்ஸ் (எக்ஸ்பைரியில் ஷேரைக் கொடுக்கும் ஒப்பந்தம்) 1 லாட் விற்றால், கால் மூலம் வரும் ஷேரும் கொடுக்க வேண்டிய ஷேரும் செட்டில்மென்ட்டில் கழிந்துவிடும். ஸ்ட்ரைக்குக்குக் கீழே முடிந்தால் கால் செத்துவிடும், இல்லாத ஷேரைக் கொடுக்க வேண்டிவரும், ஏலம்தான் (எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கிக் கொடுத்து நம்மிடம் வசூலிக்கும்). அதனால் செவ்வாய் மதியம் விலை ஸ்ட்ரைக்கை ஒட்டி வந்தால் ஃபியூச்சர்ஸை மூட வேண்டும்.

இப்படி ஃபியூச்சர்ஸ் விற்ற பிறகும் கால் மேல் டெலிவரி மார்ஜினை உங்கள் புரோக்கர் பிடித்தாரா, விட்டாரா?