பூனைக்குத் தீன் போடும் பெட்டி: வெள்ளிக்குள் ஒரு சொல் தேவை

கோண்டாவிலில் இருந்து:

வணக்கம். யாழ்ப்பாணக் கடை ஒன்றுக்காகப் பாவனைக் குறிப்பு மொழிபெயர்க்கிறேன். கலியாணம், விசா அலுவல் என்று இரண்டு நாள் கொழும்புக்குப் போகிறவர்கள் பூனைக்கு வைத்துவிட்டுப் போகும் பெட்டி. மேலே உலர்தீன் நிரப்பி நேரம் குறித்துவிட்டால், உள்ளே மோட்டர் ஒரு சில்லைச் சுழற்றி அளவாகத் தட்டில் கொட்டும். கரண்ட் நின்றாலும் பற்றரியில் ஓடும். 'தன்னியக்கச் செல்லப்பிராணி உணவு வழங்கி' என்று எழுதிப் பார்த்தேன். பெட்டி முகப்பில் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

சென்னையில் இருந்து:

குளிரூட்டி இருக்கும்போது என்ன தயக்கம்? 'தானியங்கி ஊட்டி'.

வட்டுக்கோட்டையில் இருந்து:

தானியங்கி என்று போட்டால் எங்கள் பிள்ளைகள் தானியம், அங்கி என்று பிரிப்பார்கள். ஊட்டி நீலகிரியில் இருக்கிறது. அதைவிட, ஊட்டுவது என்றால் வாயில் வைப்பது. இந்தப் பெட்டியோ தட்டில் கொட்டிவிட்டுப் பேசாமல் நிற்கிறது. இடுவதுதான் இதன் தொழில். இனிப் பூனைக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் வெருகு என்னும் பூனையைப் பூசை என்றும் சொல்லலாம் என்கிறது. கம்பர் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கப் புகுந்ததும் பூசைதான். ஆகவே 'பூசையிரையிடுவி'.

கோண்டாவிலில் இருந்து:

மாஸ்டர், நல்லூரடியில் அந்தப் பெயரோடு பெட்டியை வைத்தால் கற்பூரம் எங்கே கொளுத்துவது என்று கேட்பார்கள்.

ரொறன்ரோவில் இருந்து:

அம்மம்மா எனக்குச் சோறு தீத்தினவ, ஊட்டினவ இல்லை. தீற்றுதல் அகராதியில் உள்ள சொல். கடத்தி, மாற்றி போல 'தீற்றி'. மூன்றே எழுத்து, முகப்பில் அடங்கும்.

சென்னையில் இருந்து:

இங்கே தீற்றல் என்றால் தூரிகையால் வண்ணம் பூசுவது. சுவருக்கு பெயின்ட் அடிக்கும் கருவி என்று வாங்கிவிடப் போகிறார்கள்.

ரொறன்ரோவில் இருந்து:

விற்பது யாழ்ப்பாணத்தில், அண்ணா. வேகம் கூடும் வீதத்தை நாங்கள் ஆர்முடுகல் என்று படித்ததை நீங்கள் முடுக்கம் என்று படித்தீர்கள். மாங்காய் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரித்தான் விழுந்தது.

வட்டுக்கோட்டையில் இருந்து:

தீற்றுவதும் வாயில்தானே, பிள்ளை? ஊட்டிக்குச் சொன்ன குற்றம் இதற்கும் உண்டு. சொல் கடினம் என்று அஞ்ச வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 'அங்காதிபாதம்' என்று சொல்லித்தான் உடலமைப்பைத் தமிழில் படிப்பித்தார். மாணவர்கள் படித்து வைத்தியர் ஆனார்கள்.

சுன்னாகத்தில் இருந்து:

அங்காதிபாதத்தை இன்று யார் சொல்கிறார்கள், ஐயா? பெயர் கிடக்கட்டும். என் வீட்டில் மூன்று பூனை, ஒரு பெட்டி. குறிப்பில் இதை எழுதுங்கள்: பயணத்துக்கு ஒரு கிழமை முன்பே, நீங்கள் வீட்டில் நிற்கும்போதே பழக்க வேண்டும். மோட்டர் சத்தத்துக்கு என்னுடைய ஒன்று கட்டிலுக்கடியில் போனது, பின்னேரம் வரை வரவில்லை. மாரியில் தீன் ஈரம் பிடித்து உள்ளே சிக்கும். பெட்டியைத் தண்ணீர்த் தட்டத்துக்குள் நிறுத்தாவிட்டால் பூனைக்கு முன்னே எறும்பு சாப்பிடும். பெட்டி பழுதாகி, பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பக்கத்து வீட்டார் யாராவது தினமும் எட்டிப் பார்க்க வேண்டும், குடிதண்ணீரும் மாற்ற வேண்டும். சொல் என்றால், கோழித்தீன் என்கிறோம்தானே. இது தீன்பெட்டி.

ரொறன்ரோவில் இருந்து:

சரி, தீன்பெட்டி. தீற்றியை வேறு எதற்காவது வைத்திருக்கிறேன்.

சென்னையில் இருந்து:

இங்கே தீனி என்போம். ஆனாலும் புரிகிறது. போடுங்கள்.

வட்டுக்கோட்டையில் இருந்து:

தீன்பெட்டி என்றால் தீன் இருக்கும் பெட்டி. தகர டின்னும் தீன்பெட்டிதான். நேரம் பார்த்து இடும் தொழில் அந்தச் சொல்லில் எங்கே? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.

கோண்டாவிலில் இருந்து:

குறித்துக்கொண்டேன், மாஸ்டர். தீன்பெட்டி அச்சுக்குப் போய்விட்டது. நாலாம் பக்கத்தில், தீன் உள்ளே சிக்கி நிற்பதற்கும் ஒரு சொல் தேவைப்பட்டது. 'அடைப்பு' என்று நானே போட்டுவிட்டேன்.