லாசிக்ஸ் போடாமலே அப்பாவுக்கு மூச்சு வந்தது எப்படி?

மதுரைக்காரன்:
அப்பாவுக்கு 68 வயது. நாலு நாளாகப் பிரஷர் மாத்திரை போடவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். வீசிங் சத்தம் கேட்டதால் ஆஸ்துமா என்று நினைத்து, இன்ஹேலர் தேடியே பத்து நிமிடம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பிரஷர் 220/120. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான மாஸ்க் போட்டு, நாக்குக்கடியில் ஒரு மாத்திரை வைத்து, டிரிப்பும் ஏற்றினார்கள். "தண்ணி எடுக்கிற லாசிக்ஸ் ஊசியை எப்போ போடுவீங்க?" என்று நான் கத்தாத குறை. அரை மணி நேரத்தில் அப்பா பேசினார். யூரின் பையில் சொல்லும்படி எதுவும் இல்லை. அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போனது?

நைட் டூட்டி நர்ஸ்:
வாராவாரம் யாராவது எங்களிடம் இப்படிக் கத்துவார்கள், கவலைப்படாதீர்கள். உங்கள் அப்பா உடம்பில் தண்ணீர் கூடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரத்தக்குழாய்கள் இறுகிப்போனதால் இதயத்தால் எதிர்த்துத் தள்ள முடியவில்லை. ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலுக்குள் நீர் கசிந்திருக்கிறது. நாக்குக்கடியில் வைத்தது நைட்ரோகிளிசரினாகத்தான் இருக்கும். குழாய் தளர்ந்து சில நிமிடங்களில் பாரம் குறையும். மாஸ்க் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவைத் தடுக்கும். லாசிக்ஸ் 40 மி.கி. நரம்பில் போட்டாலும் யூரின் நன்றாக இறங்க அரை மணியாவது ஆகும். உடம்பில் தண்ணீர் சேர்ந்து கால் வீங்கி வருகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். யூரினே போகாத டயாலிசிஸ் நோயாளிக்குப் போட்டு என்ன பயன்? முன்பெல்லாம் மார்ஃபினும் போடுவார்கள், இப்போது அபூர்வம்.

நைட்ரோ கொடுக்குமுன் ஒரு கேள்வி உண்டு: நேற்று, இன்று வயாக்ரா வகை மாத்திரை ஏதாவது போட்டீர்களா? போட்டிருந்தால் பிரஷர் ஒரேயடியாக விழுந்துவிடும். மனைவி பக்கத்தில் நின்றால் யாரும் உண்மை சொல்வதில்லை. அதனால் அவரை முதலில் பில் கவுன்டருக்கு அனுப்பிவிடுவேன்.

பழைய பி.எச்.சி. டாக்டர்:
நர்ஸம்மா சொன்னதை எனக்குப் புரியவைத்தது ஒரு செந்தேள். கொட்டு வாங்கிய பையனுக்கு ஏழு வயது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, ஓயாத வாந்தி, கை கால் ஐஸ், நுரையீரலில் நீர் கோத்து நெஞ்சில் கரகரப்பு. தேள் விஷம் அட்ரினலினை வெள்ளமாக இறக்கிக் குழாய்களை இறுக்கிவிடும். ஏற்கெனவே நீர் இழந்த பிள்ளைக்கு லாசிக்ஸ் போட்டால் இன்னும் வற்றிப்போவான். மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இதற்குப் பிரஷர் மாத்திரையான பிரசோசினைக் கொடுத்து, கொத்துக்கொத்தாகப் போய்க்கொண்டிருந்த உயிர்களைக் காத்தவர் (2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், ரொம்பத் தாமதம்). கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, கை கால் சூடாகும்வரை. எழுந்து நடக்க விடவில்லை, மயங்கி விழுவான். விடிகிற நேரம் காலைப் பிடித்திருந்த அம்மா, "சுடுது சார்" என்றார்.

மதுரைக்காரன்:
நன்றி டாக்டர். நர்ஸக்கா, அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்று தெரியாது. அம்மாவை யாரோ பில் கவுன்டருக்கு அனுப்பியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.