லண்டன்ல இருந்து வந்த 90 செ.மீ ரேஞ்ச் குக்கர், தீ மஞ்சளா எரியுது, சட்டியெல்லாம் கரி (உதவி வேணும்)

தக்கலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் குடும்பம் லண்டன்ல இருந்து மொத்தமா ஊருக்கு வந்துட்டாங்க, அங்க வீட்ல இருந்த பெரிய ரேஞ்ச் குக்கரை சாமானோட சாமானா கப்பல்ல தூத்துக்குடிக்கு கொண்டு வந்து எனக்க அடுக்களை பெருசுன்னு எனக்கு தந்துட்டாங்க. மேல 5 கேஸ் பர்னர், நடுவுல வோக் (குழிவான சீனச் சட்டி) வைக்கிற பர்னர், கீழ ரெண்டு கரண்ட் ஓவன். இப்படி ஒரு அடுப்புல சமைக்கணும்னு எனக்கு ரொம்ப வருஷ ஆசை, அதுவும் கிறிஸ்மஸுக்கு எல்லாரும் இங்க தான் கூடுவாங்க.

பக்கத்துல ஒரு மெக்கானிக் வந்து சாதாரண 14.2 கிலோ சிலிண்டர்ல கனெக்ஷன் குடுத்தாரு. பத்த வச்சா தீ மஞ்சளா உயரமா எழும்புது, சட்டி அடியெல்லாம் கரி, கொஞ்ச நேரம் நின்னா கண்ணு எரியுது. சிம்ல வச்சாலும் தீ குறையவே மாட்டேங்குது, தேங்கா அரைச்ச மீன் குழம்பு அடி பிடிச்சு போச்சு. அந்த மெக்கானிக் இப்ப சொல்றாரு, ஹோட்டல்காரங்க போடுற ஹை பிரஷர் ரெகுலேட்டர் போட்டா எல்லாம் சரியாயிடும்னு. போடலாமா? இல்ல இந்த அடுப்பு நம்ம ஊருக்கு ஆகாதா? இதை தூக்கி போட மனசு வரல.

நாகர்கோவில் மணிமேடை:
தங்கச்சி, முதல்ல அந்த ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு வாசல்லயே ஏத்தாதீங்க. வீட்டு ரெகுலேட்டர் வெளிய விடுற கேஸ் அழுத்தம் 30 மில்லிபார் பக்கம், ரேஞ்சுக்க வால்வு, நாப், உள்ள இருக்க பைப் எல்லாம் அந்த அளவுக்கு செஞ்சது ஆக்கும். கடைக்காரங்க பெரிய அடுப்புக்கு போடுறது அதுக்கு பல மடங்கு. ஏற்கனவே தீ அதிகமா இருக்கு, அதுல இன்னும் அழுத்தத்தை கூட்டுனா என்னாகும்னு யோசிச்சு பாருங்க. மஞ்சள் தீன்னா கேஸ் முழுசா எரியலன்னு அர்த்தம், கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு வரும், அதுக்கு வாசனை கிடையாது. சரி பண்ற வரைக்கும் மேல் பர்னர் ஒண்ணையும் பத்த வைக்க வேண்டாம், பழைய அடுப்புலயே சமைங்க. அப்புறம் குக்கருக்க பின்னாடியோ ஓவன் கதவை திறந்தா ஓரத்துலயோ ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதுல என்ன கேஸ் எழுதியிருக்குன்னு பார்த்து போடுங்க.

தக்கலைக்காரி:
பார்த்தேன் அண்ணா. ஜி20, 20 மில்லிபார்னு இருக்கு.

மார்த்தாண்டம் கேஸ் வேலை:
அவ்வளவு தான், அடுப்புல ஒரு கோளாறும் இல்ல. ஜி20ன்னா நேச்சுரல் கேஸ், இங்கிலாந்துல பெரும்பாலான வீட்டுக்கு பைப்ல வர்றது அது தான். நம்ம சிலிண்டர்ல இருக்கது எல்பிஜி, ஒரே அளவு கேஸுக்கு நேச்சுரல் கேஸை விட ரெண்டரை மூணு மடங்கு சூடு அதுல இருக்கு, அதனால எல்பிஜிக்கு ஜெட் (பர்னருக்குள்ள கேஸை விடுற சின்ன பித்தளை முனை) ஓட்டை சின்னதா இருக்கணும். உங்க ஜெட்டு பெருசு, அழுத்தமும் 20க்கு பதிலா 30, ரெண்டும் சேர்ந்து ஒவ்வொரு பர்னரும் அதுக்கு சொன்னதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எரியுது. அவ்வளவு கேஸுக்கு வேண்டிய காத்தை பர்னரால இழுக்க முடியாது, அது தான் மஞ்சள், அது தான் கரி.

பாத்திரம் வைக்கிற கம்பி, பர்னர் மூடி, பர்னர் தலை மூணையும் தூக்குனா குழிக்குள்ள பித்தளை ஜெட்டு தெரியும், மேல ஒரு நம்பர் அடிச்சிருக்கும், அது மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு கணக்கு. நேச்சுரல் கேஸுக்கு வழக்கமா சின்ன பர்னர் 72, நடுத்தரம் 97, பெருசு 115 பக்கம், அதே பர்னருக்கு எல்பிஜின்னா 50, 65, 85 பக்கம் வரும். கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும், வோக்குக்கு தனி நம்பர், அதனால உங்க மாடலுக்க கையேட்டுல இருக்க அட்டவணையை தான் நம்பணும். முக்கால்வாசி ரேஞ்சுக்கு எல்பிஜி ஜெட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்ல போட்டே தருவாங்க, ஓவனுக்க அடி டிராயர்லயும் கையேட்டுக்கு உள்ளயும் தேடிப் பாருங்க. கிடைக்கலன்னா மாடல் நம்பரை சொல்லி அந்த கம்பெனி ஸ்பேர் தான் வரவழைக்கணும். சிலர் பழைய ஜெட்டை ஈயத்தால அடைச்சு ஊசியால ஓட்டை போட்டு தருவாங்க, தயவு செஞ்சு அதுக்கு சம்மதிக்காதீங்க, அளவு கொஞ்சம் மாறினாலும் திரும்ப இதே கதை தான்.

ஜெட்டை மட்டும் மாத்திட்டு விட்டா சிம் சரியா வராது. ஒவ்வொரு நாப்புக்கு அடியிலயும் பைபாஸ் ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், சிம்ல எவ்வளவு கேஸ் போகணும்னு தீர்மானிக்கிறது அது தான், எல்பிஜிக்கு அதை முழுசா முறுக்கி உட்கார வைக்கணும். 7 மிமீ சாக்கெட்டும் சின்ன ஸ்க்ரூ டிரைவரும் போதும், ஆனா இதை உங்க ஏஜென்சி மெக்கானிக்கை வச்சு தான் செய்யணும். முடிச்சதும் எல்லா ஜாயின்ட்லயும் சோப்பு நுரை போட்டு பார்க்க சொல்லுங்க. பின்னாடி கேஸ் நுழையிற இடம் அரை இஞ்ச் மரை, அதுல நம்ம ஆரஞ்சு டியூப் நேரா மாட்டாது, சரியான நாசில் போட்டிருக்கான்னும் பாருங்க. கேஸ் வாசனை வந்தா ஸ்விட்ச் எதையும் தொடாம ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவை திறந்துட்டு 1906க்கு கூப்பிடுங்க.

குளச்சல் அக்கா:
பிள்ளே, அடுப்பை விட்டுறாதே, ரொம்ப நல்ல சாமான் அது. நான் ஒரு இத்தாலி ரேஞ்ச் வச்சு சமைச்சிட்டு இருக்கேன், எனக்கு பட்டதை சொல்றேன். அந்த கம்பி தட்டையான அடி உள்ள பாத்திரத்துக்கு செஞ்சது, நம்ம மண்சட்டி மீன் குழம்போட ஆடும், அதனால வோக் ரிங் இருந்தா அதை வச்சு அதுல சட்டியை உட்கார வை. காப்பி போடுற சின்ன பாத்திரத்துக்கு தனியா ஒரு சின்ன கம்பி வளையம் விக்கிறாங்க. மரச்சீனி கிழங்கு அவிக்கவும் நேந்திரங்கா சிப்ஸ் வறுக்கவும் நடு பர்னரை அடிச்சுக்க ஒண்ணுமே இல்ல, எண்ணெய் சூடு இறங்காம அப்படியே நிக்கும், சிப்ஸ் ஒவ்வொரு ஈடும் ஒரே மாதிரி வரும்.

ஆனா அஞ்சு பர்னரையும் ஒண்ணா போட்டா 11, 12 கிலோவாட் ஆயிடும். ஒரு கிலோ கேஸ்ல சுமார் 12.7 யூனிட் சூடு தான், அப்போ மணிக்கு 900 கிராம் கேஸ் வேணும். ஒத்த சிலிண்டரும் ஒத்த ரெகுலேட்டரும் அவ்வளவு வேகமா தராது, சிலிண்டர் உடம்பு குளிர்ந்து வேர்த்து போகும், தீ இறங்கும், பாதி காலியான சிலிண்டர்னா சொல்லவே வேண்டாம். கிறிஸ்மஸ் சமையலை மனசுல வச்சு இப்பவே ஏஜென்சில கேளு, ரெண்டு சிலிண்டரை சேர்த்து மாட்ட அவங்க ஆளை வச்சு முறைப்படி வழி உண்டான்னு. நீங்களா டி பைப் போட்டு இணைக்காதீங்க. சிலிண்டர் எங்க இருந்தாலும் நிமிர்த்தி வை, எல்பிஜி காத்தை விட கனம், தரையோட தான் படியும், அடியில காத்து போக வழி இருக்கணும்.

எங்க பக்கம் கடல் காத்துல காஸ்ட் அயர்ன் கம்பி துரு பிடிச்சிரும், கழுவி உடனே துடைச்சு தேங்கா எண்ணெய் லேசா தடவுவேன். தக்கலைல அவ்வளவு இருக்காது.

தக்கலைக்காரி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. ஜெட்டு கவர் டிராயர்லயே ஒட்டி வச்சிருந்துச்சு! ஏஜென்சில சொல்லி நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கு. இன்னொண்ணு, ரெண்டு ஓவனையும் ஒண்ணா போட்டா எம்சிபி (லோடு கூடுனா கரண்டை நிறுத்துற ஸ்விட்ச்) விழுந்துருது. இப்ப ஏசிக்கு இருந்த 16 ஆம்பியர் பாயின்ட்ல தான் மாட்டியிருக்கு.

நாகர்கோவில் மணிமேடை:
விழத் தான் செய்யும், அது தன் வேலையை சரியா செய்யுது. 16 ஆம்பியர்னா 230 வோல்ட்ல சுமார் 3.7 கிலோவாட் வரைக்கும் தான். அங்க இந்த மாதிரி ரெட்டை ஓவன் ரேஞ்சுக்கு 32 ஆம்பியர் தனி லைன் இழுத்து நேரா வயர் பண்ணுவாங்க, பிளக்கே இருக்காது. பெரிய எம்சிபி மட்டும் மாத்தி சமாளிக்க பார்க்காதீங்க, வயர் தான் சூடாகி உருகும். போர்டுல இருந்து 6 சதுர மிமீக்கு குறையாத காப்பர் வயர், தனி எம்சிபி, எர்த்தும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா லைனை நிறுத்துறது) சேர்த்து லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வச்சு போடுங்க, வீட்டுக்கு வாங்கியிருக்க லோடு போதுமான்னு கரண்ட் ஆபீஸ்லயும் கேட்டுக்கிடுங்க. அது முடியிற வரைக்கும் ஒரு நேரத்துல ஒரு ஓவன் போதும், கேக் அதுல தாராளமா வேகும்.

தக்கலைக்காரி:
ஜெட்டு மாத்தியாச்சு, ஸ்க்ரூவும் முறுக்கியாச்சு. தீ நல்ல நீலம், சிம் வச்சா அப்படியே சின்னதா நிக்குது, எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வலது பக்க சின்ன பர்னர் மட்டும் நாப்பை விட்டதும் அணைஞ்சிருது, அது என்ன?

மார்த்தாண்டம் கேஸ் வேலை:
பர்னர் பக்கத்துல ஊசி மாதிரி நிக்குதே, அது தெர்மோகப்பிள். தீ இல்லன்னா கேஸை அடைக்கிறது அது தான். பத்த வச்சதும் நாப்பை அமுக்கி 5ல இருந்து 10 வினாடி பிடிச்சுட்டு விடுங்க. அப்பவும் அணைஞ்சா ஆற விட்டு ஊசி முனையில இருக்க கரியை துணியால துடைங்க, இத்தனை நாள் மஞ்சள் தீ பட்டு படிஞ்சிருக்கும். பர்னர் மூடி சரியா உட்கார்ந்திருக்கான்னும் பாருங்க, சாய்ஞ்சிருந்தா தீ ஊசியில படாது. இதுக்கும் அடங்கலன்னா தெர்மோகப்பிள் மாத்தணும், அது தனியா கிடைக்கும்.