போர்ச் செய்திகள் வழியே ஆங்கிலம்: வழிகாட்டுங்கள்

குழுவினருக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கக் கற்றுத்தருகிறேன். உக்ரைன், காசா செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அவர்கள் மனத்தில் நன்கு பதிந்தாலும், சீஸ்ஃபயர் (சண்டை நிறுத்தம்), ஆர்மிஸ்டிஸ் (முறையான போர்நிறுத்த உடன்படிக்கை), அமைதி ஒப்பந்தம் மூன்றையும் ஒன்றென்றே எண்ணினார்கள். 1953 ஜூலை 27இல் கொரியாவில் ஆர்மிஸ்டிஸ் கையெழுத்தாகியும் இன்றுவரை அமைதி ஒப்பந்தம் ஏற்படவில்லை என்று விளக்கிய பிறகே, சண்டை நிற்பது வேறு, போர் முடிவது வேறு என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று.

சாங்ஷன் (ஒரு நாட்டின் மீதான தண்டனைத் தடை), எம்பார்கோ (வணிகத் தடை), பிளாக்கேட் (போக்குவரத்தை மறிக்கும் முற்றுகை) ஆகியவற்றுக்கும் இத்தகைய வரலாற்று எடுத்துக்காட்டுகள் தேவைப்படுகின்றன. துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் என்பதால், கியூபாவுக்கு ஆயுதக் கப்பல்கள் செல்லாதபடி அமெரிக்கக் கடற்படை தடுத்த 1962 கியூபா நெருக்கடி போலக் கப்பல் சார்ந்தவையாக இருந்தால் இன்னும் நல்லது. எளிய ஆங்கிலத்தில், கோரமான படங்களின்றி வெளிவரும் செய்தித் தொகுப்புகளை அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.